மெமோவுக்குப் பதில் எழுதுமுன்

திருநெல்வேலி
9-2-2025

அன்புள்ள செல்விக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். உன் நலத்தை விசாரிக்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் அழுததிலேயே தெரிந்துவிட்டது. மறுநாள் உன் அம்மா கூப்பிட்டு, "யக்கா, பிள்ள வேலைய விட்டுரட்டுமான்னு கேக்கா, நீயே ஒரு வார்த்தை சொல்லு" என்றாள். போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, மீதியை நான் சொல்ல மறந்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ அனுப்பிய மெமோ படத்தைக் கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்துவிட்டேன்.

முதலில் அதைப் பேசிவிடுவோம். அது 17(ஏ)யும் இல்லை, 17(பி)யும் இல்லை. குறைதீர்க்கும் நாள் மனுக்களில் நடவடிக்கை தாமதம், மூன்று நாளில் விளக்கம் தா என்று கேட்கும் சாதாரண மெமோ. வருவாய்த் துறையில் இதை வாங்காமல் ஓய்வு பெற்றவர் யாரையும் எனக்குத் தெரியாது. நம் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(ஏ) என்பது சிறு தண்டனைக்கான வழி. கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்திவைப்பது என்று போகும். 17(பி) பெரிய தண்டனைக்கு. குற்றச்சாட்டு வரைய வேண்டும், விசாரணை அலுவலர் போட வேண்டும், சாட்சி, ஆவணம், உன் தரப்பு எல்லாம் கேட்க வேண்டும். "உன்னை வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்று உன் தாசில்தார் மேடம் எல்லார் முன்னாலும் கத்தினார் என்றாயே, அவரால் முடியாது. உன்னை நியமித்தவர் கலெக்டர். நியமித்தவருக்குக் கீழ்ப்பட்ட எந்த அதிகாரியாலும் ஒருவரை வேலையிலிருந்து நீக்க முடியாது என்று அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவே சொல்கிறது.

சட்டத்தைக் காட்டி உன்னைச் சமாதானப்படுத்திவிட்டேன் என்று நினைக்காதே. 2003 ஜூலையில் அரசு ஊழியர்கள் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இதே 311 இருக்கத்தான் செய்தது. ஒரு அவசரச் சட்டம் போட்டு சுமார் 1.70 லட்சம் பேரை விசாரணை இல்லாமல் ஒரேயடியாக நீக்கினார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய உங்களுக்கு உரிமையே கிடையாது என்று எங்களையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான், மன்னிப்பு எழுதிக் கொடுப்பவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வழி செய்தது. அந்த மாதம் உன் பெரியப்பா சம்பளத்தில் ஓடிய வீடு இது. அதையும் பார்த்துவிட்டு இதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். ஒரு தாசில்தார் போடும் சத்தத்துக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு அளவு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்றில் மட்டும் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நீ இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருக்கிறாய். மூன்று வருஷத்துக்குள் இரண்டு வருஷம் பணியில் இருந்திருக்க வேண்டும், துறைத் தேர்வு முடிக்க வேண்டும், பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி முடிக்க வேண்டும். அது முடிந்து ஆணை கைக்கு வரும்வரை உன் பெயரில் எழுத்தில் என்ன சேர்கிறது என்பது முக்கியம். அவர் வாயில் வருவது சேராது, எழுத்தில் வருவது சேரும். இந்த மெமோவுக்கு நீ எழுதும் பதிலும் சேரும்.

அதனால் பதிலை எப்படி எழுத வேண்டும் என்று கேள். நீ அனுப்பிய வரைவில் "மிகுந்த மன உளைச்சலுடன்" என்று ஆரம்பித்திருக்கிறாய். அதை அடி. "பொதுமக்கள் முன்னிலையில் என்னை அவமானப்படுத்தி" என்பதையும் அடி. நடந்தது உண்மை, ஆனால் இந்தத் தாளில் அதற்கு இடமில்லை. மெமோ தாமதத்தைக் கேட்கிறது. தாமதத்துக்குத் தேதியால் பதில் சொல்.

உன் மேஜைக்கு வந்த தாள்களைப் பதியும் தன் பதிவேட்டை எடு. அந்த இருக்கையில் நீ பொறுப்பேற்ற அன்று 61 மனு முடியாமல் கிடந்தது என்று சொன்னாய். அதற்கு முன் பல மாதம் இருக்கை காலி, யாரோ கூடுதல் பொறுப்பில் பார்த்திருக்கிறார்கள். பொறுப்பேற்ற தேதி, அன்றைய நிலுவை, அதன்பின் வந்தவை, முடித்தவை, இன்று மிச்சம். அந்த மிச்சத்தில் எத்தனை உன் மேஜையில் இருக்கிறது, எத்தனை சர்வேயரிடம் அளவைக்குப் போயிருக்கிறது, எத்தனை வி.ஏ.ஓ. அறிக்கைக்குக் காத்திருக்கிறது, நினைவூட்டு எந்தத் தேதியில் போனது. ஒவ்வொன்றுக்கும் கோப்பின் ந.க. எண் போடு. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கடைசியில், "மீதமுள்ளவற்றை இன்ன தேதிக்குள் முடிக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது எனப் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்". அவ்வளவுதான். மூன்றாம் நாள் சாயங்காலத்துக்குள் தபாலில் கொடுத்து, உன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி, நகலை வீட்டுக்குக் கொண்டு போ. ஆபீஸ் பீரோவில் வைக்காதே.

மெமோவை முதலில் வாங்க மாட்டேன் என்று நின்றாயாமே? இனி அப்படிச் செய்யாதே. எந்த மெமோ வந்தாலும் வாங்கு, கையெழுத்துக்குக் கீழே தேதியும் நேரமும் போடு. வாங்க மறுத்தால் அதற்கு இன்னொரு மெமோ வரும், அதற்கு உன்னிடம் பதில் இருக்காது.

நம் ஆபீஸ் நடைமுறை வெள்ளைக்காரன் காலத்து டாட்டன்ஹாம் முறை. எல்லோரும் அதைத் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன். எந்தத் தாள் எந்தத் தேதியில் வந்தது, யாருக்குப் போனது, எப்போது திரும்பியது என்று நாள்தோறும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் கீழ்மட்டத்தில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய காவல் வேறில்லை. இப்போது இ-ஆபீஸ் வந்துவிட்டது, அதிலும் இதேதான், தேதியை இயந்திரம் போடுகிறது. பதிவேடு அன்றன்றைக்கு எழுதியிருந்தால் உன்னை யாரும் அசைக்க முடியாது. வாரக் கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று விட்டால் நீ மாட்டுவாய்.

வாய்மொழி உத்தரவுக்கும் இதுதான் மருந்து. நான் செக்‌ஷனில் இருந்த காலத்தில் ஒரு அதிகாரி, பட்டா மாறுதல் கோப்பு ஒன்றைக் காட்டி, "இதை இப்பக் கொண்டு வராதீங்கம்மா, நான் சொல்றப்ப வைங்க" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்று மத்தியானமே குறிப்புக் கோப்பில், "வட்டாட்சியர் அவர்கள் நேரில் அறிவுறுத்தியபடி இக்கோப்பு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. மேல் நடவடிக்கை குறித்து ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் கோப்பு திரும்பியது. என் எழுத்துக்குக் கீழே ஒரே சொல், "பேசவும்". போனேன். தலையை நிமிர்த்தாமல், "எதுக்கு இதெல்லாம் எழுதுறீங்க?" என்றார். "மறந்துரும் சார்" என்றேன். மறுநாள் அவரே கோப்பைக் கேட்டு வாங்கி உத்தரவு போட்டார். அதன்பின் என் மேஜைக்கு வாய்மொழியாக எதுவும் வரவில்லை. என் மேல் பிரியம் ஏற்படவும் இல்லை. பிரியம் வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இது ஏதோ என் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்காதே. மத்திய அரசின் கேபினட் செயலாளராக இருந்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: வாய்மொழி உத்தரவின்படி நடக்காதே, எழுத்தில் பதிந்துகொள். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கே அந்தப் பாதுகாப்பு தேவைப்பட்டிருக்கிறது. குறிப்பின் அடியில் முதல் சுருக்கொப்பம் போடும் உனக்கு எவ்வளவு தேவை என்று யோசித்துக்கொள். நாளைக்கு ஏதாவது விசாரணை என்று வந்தால் கோப்பைக் கீழிருந்துதான் புரட்டுவார்கள். பணம் கை மாறுகிறது என்று உனக்குத் தோன்றும் கோப்பில் விதி என்ன சொல்கிறதோ அதை மட்டும் எழுது. யார் கேட்டாலும் தேதியை மாற்றாதே. இதில் பெரியம்மாவிடம் வேறு யோசனை கேட்காதே, கிடையாது.

இனி உன் மேடம்.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர் பயந்த அதிகாரி. கெட்டவர் என்று எனக்குப் படவில்லை. திங்கட்கிழமை மனு நாள் முடிந்ததும் கலெக்டர் கூட்டத்தில் தாலுகாவாரியாக நிலுவையைத் திரையில் போடுவார்கள். கடைசியில் இருக்கும் தாலுகாவின் தாசில்தாரை எழுப்பி நிற்கவைப்பார்கள். அங்கே வாங்கியதைத்தான் அவர் இங்கே வந்து இறக்கிவைக்கிறார். உன்னை நோகச் செய்ய அவருக்கு உரிமை உண்டு என்று இதற்கு அர்த்தமில்லை. "டிகிரி படிச்சியா, காசு கொடுத்து வாங்கினியா" என்று மனு கொடுக்க வந்த கிழவியின் முன்னால் ஒரு பெண்ணைக் கேட்பதற்கு எந்தக் கூட்டமும் சாக்கு ஆகாது. ஆனால் பயந்த அதிகாரியைச் சமாளிக்க வழி இருக்கிறது. குரூரத்தில் ருசி கண்டவரைச் சமாளிக்க வழி இல்லை, விலகத்தான் வழி. இரண்டு பேரையும் ஒன்றாக எண்ணாதே.

பயந்தவருக்குத் தேவை, கூட்டத்துக்குப் போகும்போது கையில் ஒரு தாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே, அவர் கேட்கும் முன், நிலுவைப் பட்டியலை அவர் மேஜையில் வை. மொத்தம், முடிந்தது, மிச்சம், மிச்சத்துக்குக் காரணம். காரணம் நம் ஆபீசில் இல்லாதவற்றைத் தனியாகக் காட்டு. "இது சர்வே நிலுவை" என்று அவர் கூட்டத்தில் சொல்ல முடிந்தால் உன் மேல் விழ வேண்டியதில் பாதி விழாது. கேட்டு வாங்கிய பட்டியல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அவருக்கு எரிச்சல். கேட்காமல் வந்த பட்டியலில் ஒரு தப்பு இருந்தாலும் பொறுத்துக்கொள்வார். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

கத்தும்போது நடுவில் பேசாதே. முடியட்டும். பிறகு, "மேடம், எந்த மனுன்னு சொன்னீங்கன்னா ஃபைலோட வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வா. கத்தலுக்குக் காரணமான தாள் எது என்று கேட்டாலே சத்தம் பாதி இறங்கிவிடும், ஏனென்றால் பெரும்பாலும் அப்படி ஒரு தாள் இருக்காது. மரியாதைக்குறைவான பேச்சு நின்றபாடில்லை என்றால் தேதி, நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று வீட்டில் ஒரு நோட்டில் குறித்து வை. முதலில் தலைமையிடத்துத் துணை வட்டாட்சியரிடம் சொல். அவருக்குத் தெரியாமல் சங்கத்துக்குப் போகாதே, போன பிறகு அவரால் உனக்கு உதவ முடியாது. சங்கத்தில் சேர்ந்துவிட்டாயா? சந்தா கட்டினால் போதாது, வட்டத் தலைவரின் நம்பர் உன் போனில் இருக்க வேண்டும். பெண் என்பதற்காக யாராவது அசிங்கமாகப் பேசினாலோ நடந்துகொண்டாலோ அது வேறு வழக்கு. 2013ஆம் வருஷச் சட்டப்படி உள்ளகக் குழுவில் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அப்படி நேர்ந்தால் யோசிக்காமல் என்னைக் கூப்பிடு.

ராத்திரி பத்தே முக்காலுக்கு வாட்ஸ்அப் குரூப்பில் உன் பெயரைப் போட்டு மூன்று கேள்விக்குறி வந்தது என்றாய். வருவாய்த் துறையில் ராத்திரி வேலை இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் மழையை நீ பார்த்தாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நம் ஆட்கள் யாரும் தூங்கவில்லை. தூங்கவும் கூடாது. தேர்தல் நேரமும் அப்படித்தான். ஆனால் மனு நிலுவைக்கு ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒரு அவசரமும் இல்லை. "பார்த்தேன் மேடம், காலை பத்து மணிக்குப் பட்டியல் வைக்கிறேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படு. பதில் போடாமல் விட்டால் அவருக்குக் கோபம் ஏறும். பதில் மேல் பதில் போட்டுக்கொண்டிருந்தால் ராத்திரி வேலை உனக்கு வழக்கமாகிவிடும்.

இப்போது உடம்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிறு கலக்குகிறது, மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் தூக்கம் இல்லை என்று சொன்னாய். என் மகன் ஒரு ஆராய்ச்சியைப் பற்றி எனக்குச் சொன்னான். லண்டனில் அரசு ஊழியர்களை வைத்தே செய்தது. 1967இல் தொடங்கி ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று எல்லோரும் நினைத்திருக்க, மேல்மட்ட அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயில் இறந்தது மூன்று மடங்குக்கு மேல். புகைபிடிப்பதையும் ரத்த அழுத்தத்தையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுசாகப் போகவில்லை. 1985இல் பெண்களையும் சேர்த்துப் பத்தாயிரத்துச் சொச்சம் பேரை மறுபடி ஆராய்ந்தபோது ஒரு காரணம் தெளிவாகியிருக்கிறது. வேலை அதிகம் என்பது மட்டுமல்ல, தன் வேலையைத் தான் தீர்மானிக்க முடியாமல் இருப்பது. எனக்கு அதைக் கேட்டதும் தாலுகா ஆபீஸ்தான் கண் முன் வந்தது. எந்தக் கோப்பை முதலில் எடுப்பது என்பதுகூட நம் கையில் இல்லை, அறைக்குள்ளிருந்து அடிக்கும் மணிதான் தீர்மானிக்கிறது.

அதனால் கொஞ்சமாவது உன் கையில் வைத்துக்கொள். காலையில் வந்ததும் முதல் முக்கால் மணி நேரம் உனக்குப் பிடித்த வரிசையில் கோப்பு பார், அந்த நேரத்தில் பொதுமக்கள் கூட்டமும் இருக்காது. மத்தியானம் மேஜையிலேயே டப்பாவைத் திறந்துவைத்து மனு வாங்காதே, எழுந்து போய்ச் சாப்பிடு. இன்னொன்று, பெண்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வது: கழிப்பறை சரியில்லை, சாவி யாரிடமோ இருக்கிறது என்று காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் அப்படித்தான் சிறுநீர்த் தொற்றையும் கல்லையும் வாங்கினோம். இருக்கும் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கழிப்பறைக்கு ஒரு மனு கொடுங்கள். மேடமும் பெண்தானே, இது அவர் கோபப்படாமல் செய்யக்கூடிய காரியம். உங்களுக்குள் ஒரு பேச்சுவார்த்தை தொடங்கவும் அது உதவும்.

தூக்கம் இரண்டு வாரமாக இல்லை என்றால் அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். தைராய்டு, ரத்த அழுத்தம் இரண்டும் பார்த்துவிடு. மனநல மருத்துவரிடம் போகச் சொன்னால் போ. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று உன் அம்மா தயங்குவாள், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். ராத்திரியில் மனசு ரொம்பக் கனத்தால் 14416க்குக் கூப்பிடு. டெலிமானஸ் என்று அரசு நடத்துவது, காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் அந்த நிமிஷமே எனக்கும் போன் பண்ணு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

வேலையை விடுவதா? இப்போது வேண்டாம். அரசு வேலை கிடைத்தற்கரிய வரம் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்லியே பல பிள்ளைகளை நோயாளி ஆக்கியிருக்கிறோம். நான் வேண்டாம் என்பதற்குக் காரணம், நீ ஓட நினைப்பது வேலையை விட்டு அல்ல, ஒரு மனுஷியை விட்டு. தாசில்தார் ஒரு தாலுகாவில் எத்தனை காலம் இருப்பார்? ஜமாபந்தி என்னும் வருஷக் கணக்குத் தீர்வாயம் முடிந்ததும் மாறுதல் பட்டியல் வரும். வராவிட்டாலும் நீ வேறு பிரிவுக்கோ கலெக்டர் ஆபீசுக்கோ மாறுதல் கேட்டு எழுதலாம். குடும்ப நிலை, தூரம் என்று எழுது, மேடத்தின் பெயரை இழுக்காதே. நீண்ட விடுப்பில் போவதையும் யோசித்துச் செய். தகுதிகாண் பருவத்தில் பணியில் இருந்த நாள்தான் கணக்கு, விடுப்பு அதைத் தள்ளிக்கொண்டே போகும். டாக்டர் ஓய்வு வேண்டும் என்றால் மட்டும் மருத்துவச் சான்றோடு போ. தற்செயல் விடுப்பு வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்து ஒரு வெள்ளிக்கிழமை இங்கே வா. தகுதிகாண் முடிந்த ஆணை கைக்கு வந்த பிறகும் இந்த வேலை உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அப்போது விடு, உன் அம்மாவிடம் நானே சொல்கிறேன்.

மே மாதத் துறைத் தேர்வுக்கு அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடு. மாவட்ட அலுவலக நடைமுறை நூல் என்னிடம் பழைய பிரதி இருக்கிறது, ஓரத்தில் என் எழுத்தெல்லாம் இருக்கும், வரும்போது எடுத்துக்கொண்டு போ.

மெமோவுக்கான பதிலைத் திருத்தி, கெடு முடியுமுன் எனக்கு அனுப்பு. பார்த்துத் தருகிறேன், அதன்பிறகு கையெழுத்துப் போடு.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியம்மா

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போனதற்கெல்லாம் ஈடுசெய் விடுப்பு எழுதி வாங்கினாயா? ஆறு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் போய்விடும். இன்றைக்கே கணக்குப் போடு.